தப்பான ஆட்களே ஏன் பதவிக்கு வருகிறார்கள்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள். டீமில் வேலை முழுக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கும்போது, மீட்டிங்கில் நன்றாகப் பேசுகிறவர் மேனேஜர் ஆகிவிட்டார். நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், கணக்கை ஒழுங்காகக் காட்டாத செயலாளரே மறுபடியும் செயலாளராக வந்திருக்கிறார். நாட்டு நடப்பைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது. அதிகாரம் மோசமானவர்களை இழுக்கிறதா, இல்லை நல்லவர்களையும் கெடுத்துவிடுகிறதா என்று கேட்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் முதலாவதைத்தான் சொல்வேன், ஆனால் அதுவும் முழுப் பதில் இல்லை. அந்த நாற்காலிக்கு ஆள் எடுக்கிற நாம் எதைப் பார்த்து எடுக்கிறோம், யார் வராமல் போகிறார்கள் என்பதை நீங்கள் கேட்கவே இல்லை. பெரிய காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் தொழில்சார் உளவியல் படித்தவன். முதலில் அம்பத்தூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கும், பிறகு ஓஎம்ஆர் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கும் ஆள் தேர்வு, பதவி உயர்வு இதற்கெல்லாம் உட்காரும் குழுக்களில் பல வருடமாக இருக்கிறேன். அதனால் கம்பெனி விஷயத்தில் உறுதியாகப் பேசுவேன். அரசியல் என் துறை இல்லை, அங்கே கொஞ்சம்தான் சொல்வேன்.

முதலில், மோசமானவர் யாருமே இல்லாமலே தவறான ஆள் மேலே வருவது எப்படி என்று பாருங்கள். ஒரு சிஎன்சி ஆபரேட்டர், அதாவது கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷினை ஓட்டுபவர், இருக்கிறார், கைத்திறமை அபாரம், அவர் ஓட்டும் மெஷினில் ரிஜெக்‌ஷனே வராது. இப்படிப்பட்டவருக்கு நிறுவனம் என்ன மரியாதை செய்ய முடியும்? சம்பளத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற கிரேடு இடம் கொடுக்காது, அதனால் சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள். மறுநாளிலிருந்து அவர் மெஷினைத் தொடக்கூடாது. லீவு கேட்டு வருகிறவர்களைச் சமாளிக்க வேண்டும், புதுப் பையனுக்குப் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும், பிளானிங் டிபார்ட்மென்டோடு மல்லுக்கட்ட வேண்டும். இதில் எதுவும் அவரிடம் இருந்த திறமை இல்லை. பையன் தப்பு செய்தால் அவனை நகரச் சொல்லிவிட்டுத் தானே செய்துவிடுவார். ஆறு மாதத்தில் அந்த ஷிப்டில் யாருக்கும் அவர்மேல் மரியாதை இருக்காது, அவருக்கும் நிம்மதி இருக்காது, நல்ல ஆபரேட்டரும் போய்விட்டார். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், தொழிற்சாலையில் மட்டும் இல்லை, நல்ல புரோகிராமரை டீம் லீட் ஆக்குகிற இடத்திலும் இதே கதைதான்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனைப் பிரிவு ஊழியர்களின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். அதிகமாக விற்றவர்தான் மேனேஜராகப் பதவி உயர்வு பெறும் வாய்ப்பு கூடுதல், அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பதவி உயர்வு பெற்றவர்களுக்குள் ஒப்பிட்டபோது, முன்பு அதிகமாக விற்றவரின் கீழே வேலை செய்தவர்களின் விற்பனைதான் மோசமாக இருந்தது. சக ஊழியர்களோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள் மேனேஜராக நன்றாகவே செய்தார்கள், ஆனால் பதவி கொடுக்கும்போது நிறுவனங்கள் அதற்குப் பெரிய மதிப்பு தரவில்லை. பழைய வேலைக்குப் பரிசாகப் புதிய வேலையைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது உங்கள் மேனேஜர் கதை. பதவி உயர்வுக் குழுவில் உட்கார்ந்தால் காதில் விழும் வார்த்தைகள் எனக்கு மனப்பாடம்: "ஆளு ஸ்மார்ட்", "கமாண்டிங்கா இருக்கார்", "கிளையன்ட் முன்னாடி நிறுத்தலாம்". இன்னொருவரைப் பற்றி, "நல்ல ஒர்க்கர்தான், ஆனா கொஞ்சம் சைலன்ட்". இந்த 'ஆனா'வுக்குப் பிறகு அந்த மனிதரின் பெயர் திரும்ப எடுக்கப்படுவதே அபூர்வம். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, குழுவில் இருப்பவர்கள் நாள் முழுக்க இருபது பேரைப் பார்த்துக் களைத்துப்போனவர்கள், கண்ணெதிரே தெரிவதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கண்ணெதிரே தெரிவது பேச்சு. முன்பின் தெரியாதவர்களை ஒரு குழுவாக உட்காரவைத்து ஒரு வேலையைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில், அதிக நேரம் பேசியவரைத்தான் மற்றவர்கள் தலைவர் என்று குறிப்பிடுகிறார்கள், இது பலமுறை உறுதியான விஷயம். 2015-இல் எமிலி கிரிஹால்வாவும் அவரோடு சேர்ந்தவர்களும் தற்பெருமைக் குணம் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். அந்தக் குணம் உள்ளவர்கள் தலைவர்களாக எழுந்து வருவது அதிகம். வந்த பிறகு நன்றாகச் செய்கிறார்களா என்று பார்த்தால் அதோடு நேரான தொடர்பு எதுவும் இல்லை. அவர்கள் எழுந்து வருவதற்கும் பெரும்பகுதிக் காரணம், கூச்சமில்லாமல் முன்னால் வந்து பழகும் இயல்புதான் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. பேச்சு என்றால் ஆங்கிலப் பேச்சு. கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த ஒருவர் தன் வேலையை ஐந்தே வாக்கியத்தில் சரியாகச் சொல்லி முடித்துவிடுவார். நகரத்துப் பள்ளியில் படித்தவர் அதே விஷயத்தைப் பத்து நிமிடம் அழகாகச் சொல்வார். குழுவுக்குப் பின்னவர்தான் விஷயம் தெரிந்தவராகத் தெரிகிறார். எத்தனை நல்ல ஆட்களை இந்த ஒரே காரணத்துக்காக இழந்திருக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சரி, அதிகாரம் மோசமானவர்களை இழுக்கிறதா? ஓரளவு இழுக்கிறது, ஆனால் எந்த மாதிரிப் பதவி என்பதைப் பொறுத்து. 1971-இல் பிலிப் ஜிம்பார்டோ ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடத்திய சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரண ஆட்களிடம் அதிகாரம் கொடுத்தால் கொடூரமாகிவிடுவார்கள் என்பதற்கு அதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2007-இல் தாமஸ் கார்னஹன், சாம் மெக்ஃபார்லண்ட் இருவரும் வேறொரு சந்தேகத்தைச் சோதித்தார்கள். ஒரே மாதிரி இரண்டு விளம்பரம் கொடுத்தார்கள், ஒன்றில் 'சிறை வாழ்க்கை பற்றிய உளவியல் ஆய்வு' என்றும் மற்றொன்றில் வெறும் 'உளவியல் ஆய்வு' என்றும். சிறை என்ற சொல்லைப் பார்த்து வந்தவர்களிடம் ஆக்ரோஷமும், அடக்கி ஆளும் விருப்பமும், தற்பெருமையும் கூடுதலாகவும், இரக்கம் குறைவாகவும் இருந்தன. அதாவது கதவைத் திறப்பதற்கு முன்பே வரிசையில் நிற்பவர்கள் வேறு மாதிரி ஆட்களாகிவிட்டார்கள். அந்த ஸ்டான்ஃபோர்டு சோதனையில் காவலர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்பே சொல்லித்தரப்பட்டது என்ற குற்றச்சாட்டும் பின்னால் பலமாக எழுந்தது, அதனால் அதை ஆதாரமாக வைத்து யாராவது வாதாடினால் நம்பாதீர்கள்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஓர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ரெமா ஹன்னா, ஷிங்-யி வாங் இருவரும் பெங்களூருவில் 600-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் ஆளுக்கொரு தாயக்கட்டையைக் கொடுத்து 42 முறை உருட்டச் சொன்னார்கள். விழுந்த எண்ணை அவரவரே எழுதிக்கொள்ளலாம், யாரும் பார்க்க மாட்டார்கள், எண் கூடக்கூடப் பணம் கூடும். ஒழுங்காக எழுதினால் மொத்தம் ஏறக்குறைய எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கு இருக்கிறது அல்லவா, அதை மிஞ்சி எழுதியவர்கள்தான் அரசு வேலை வேண்டும் என்று அதிகம் விரும்பியவர்கள். டென்மார்க்கில் இதே மாதிரிச் சோதனையை வேறு ஆய்வாளர்கள் நடத்தியபோது நேர் எதிராக வந்தது. அங்கே அரசுப் பணியை விரும்பிய மாணவர்கள்தான் நேர்மையாக எழுதினார்கள். இதிலிருந்து நம் அரசு ஊழியர்கள் எல்லோரும் இப்படி என்று யாரும் முடிவு கட்டக்கூடாது, இது மாணவர்களின் விருப்பத்தைப் பற்றியது, ஒரு நகரத்தில் எடுத்தது. ஆனால் ஒரு விஷயம் தெளிவு. 'அதிகாரம் கெட்டவர்களை இழுக்கும்' என்பது இயற்கை விதி இல்லை. அந்தப் பதவியில் போனால் என்ன செய்து தப்பிக்கலாம் என்று ஊரில் பேச்சு இருக்கிறதோ, அதற்கேற்ற ஆட்கள் வருகிறார்கள்.

இனி வராமல் போகிறவர்கள். ஆராய்ச்சியில் இவர்கள் அதிகம் அகப்படுவதில்லை, ஏனென்றால் விண்ணப்பிக்காதவரைக் கணக்கெடுப்பது கஷ்டம். ஆனால் நான் இவர்களோடுதான் அதிகம் பேசியிருக்கிறேன். நல்ல ஷிப்ட் இன்சார்ஜாக வரக்கூடிய ஒருவரிடம் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு எதுக்கு சார் அந்த தலைவலி, நாளைக்கு ஒரு ஆளை வேலையைவிட்டு எடுக்கச் சொன்னா என்னால முடியாது." மனசாட்சி உறுத்துவதால் விலகுகிறார். அந்த உறுத்தல் இல்லாதவர் உடனே சரி என்கிறார். பெண்கள் விஷயத்தில் இன்னும் நேரடியான காரணம், மேலே போனால் இரவு ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து போன் கால் வரும், வீட்டில் குழந்தையையும் மாமியாரையும் யார் பார்ப்பது. பதவியோடு சேர்ந்து வரும் வேலை நேரத்தை வீட்டுப் பொறுப்பு இல்லாத ஓர் ஆணுக்கு என்றே அமைத்துவிட்டு, பிறகு பெண்கள் முன்வருவதில்லை என்று வருத்தப்படுகிறோம். உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செயலாளர் வேலை என்றால் சம்பளம் கிடையாது, தண்ணீர் லாரி வரவில்லை என்றால் காலை ஐந்தரைக்குக் காலிங் பெல் அடிப்பார்கள், மெயின்டனன்ஸ் நூறு ரூபாய் ஏற்றினால் வாட்ஸ்அப் குழுவில் திட்டுவார்கள். நியாயமான ஒருவர் ஒரு வருடம் பார்த்துவிட்டு ஓடிவிடுவார். திட்டு வாங்கியும் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு, சேவை மனப்பான்மை அசாத்தியமாக இருக்க வேண்டும், அல்லது பெயின்டிங் கான்ட்ராக்ட் யாருக்குப் போகிறது என்பதில் அக்கறை இருக்க வேண்டும். இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன், முதல் வகையினரின் காலில் விழலாம்.

பதவி மனிதரைக் கெடுக்கிறதா என்பதில் ஆதாரங்கள் நீங்கள் நினைப்பதைவிடக் கலவையானவை. அதிகாரத்தில் இருந்த ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு மனிதர்களின் நடத்தையை அளக்கும் ஆய்வுக்கூடச் சோதனைகள் நிறைய நடந்தன. அவற்றில் பல, மறுமுறை செய்தபோது அதே முடிவைத் தரவில்லை. இயல்பிலேயே நேர்மையைப் பெரிதாக நினைப்பவர் அதிகாரம் கிடைத்ததும் இன்னும் பொறுப்பாக நடந்துகொள்வதாகக் காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. நடைமுறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கெட்ட செய்தி வருவது நின்றுவிடுகிறது. புராஜெக்ட் தாமதமாகிறது என்பது கீழே ஆறு பேருக்குத் தெரியும், "அவர்கிட்ட யாரு போய்ச் சொல்றது" என்று எல்லோரும் இன்னொருவரைப் பார்ப்பார்கள், கடைசியில் பாதி உண்மை, 'எல்லாம் சரி' என்ற பச்சை நிறத்தில், ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டாக மேலே போகும். இரண்டு மூன்று வருடம் இப்படிப் போனால், நல்ல மனிதர் ஒருவர் தான் எடுக்கும் முடிவெல்லாம் சரி என்று நிஜமாகவே நம்ப ஆரம்பித்துவிடுவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் திமிர் பிடித்தவராகத் தெரிவார். அவருக்கோ சுற்றிலும் எல்லாம் நன்றாகப் போவதாகத் தோன்றும். பணிவையும் மரியாதையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் நம் அலுவலகங்களில் இது சீக்கிரம் நடக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஐந்து தலைமை அதிகாரிகளில் ஒருவர் மனநோய்க் குணம் கொண்டவர், அதாவது சைக்கோபாத், என்ற செய்தி அடிக்கடி சுற்றுகிறது. 2016-இல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 2010-இல் பால் பேபியாக், ராபர்ட் ஹேர் முதலியோர் 203 நிறுவன அலுவலர்களிடம் செய்த ஆய்வில் சுமார் 4 சதவீதம் பேர் சைக்கோபாத் என்று கருதும் மதிப்பெண் எல்லையில் இருந்தார்கள். பொதுமக்களிடம் இருப்பதைவிட அது கூடுதல்தான், ஆனால் சிறிய ஆய்வு, ஆட்களும் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இந்தக் குணத்துக்கும் தலைமைப் பதவிக்கும் இடையே கண்டது மிக மெல்லிய தொடர்பு. ஆகவே உங்கள் மேனேஜரை அந்தப் பட்டியலில் சேர்க்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள்.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் (ஏடிஆர்) என்ற தன்னார்வ அமைப்பு வேட்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரங்களை வைத்துத் தொகுத்த கணக்குப்படி, மக்களவைக்கு வென்றவர்களில் தங்கள் மேல் குற்ற வழக்கு இருப்பதாகச் சொன்னவர்கள் 2009-இல் 30 சதவீதம், 2014-இல் 34, 2019-இல் 43, 2024-இல் 46. வழக்கு என்பது தீர்ப்பு இல்லை, சாலை மறியல் செய்ததற்கும் வழக்கு போடுவார்கள், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஏறிக்கொண்டே போவது தெரிகிறது. தேர்தல் செலவைத் தானே போட்டுக்கொள்ளும் வேட்பாளரைக் கட்சிகள் விரும்புவது ஒரு முக்கியக் காரணம் என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நான் பார்க்கும் தொழிலில் நடப்பதோடு இது பொருந்துகிறது, சல்லடை எதற்காகச் செய்யப்பட்டதோ அதுதான் அதில் தங்கும்.

இந்த இடத்தில் உத்திரமேரூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. காஞ்சிபுரம் மாவட்டம், நம்மிடமிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரம்தான், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919-ஐயும் 921-ஐயும் ஒட்டியவை. குடவோலை முறை என்று பள்ளியில் எல்லோரும் படித்தோம், பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் அதில் என்ன கவலை இருக்கிறது என்று உற்றுப் பார்ப்பதில்லை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள், அதனால் பதவிமேல் வெறி பிடித்தவருக்குத் தனி அனுகூலம் கிடையாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில், இருந்தவர் வரக்கூடாது. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது. எல்லாம் தவறான ஆள் வருவார் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதிய விதிகள். அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை, மற்றவர்கள் யாரும் அந்தக் குடத்தில் இல்லை, அதை மறைத்துப் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நல்லவர் வர வேண்டும் என்று பிரார்த்தனை செய்யாமல், வருகிறவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் சேதம் குறைய வேண்டும் என்று யோசித்தார்கள் பாருங்கள், அந்த யோசனை இன்றும் நம்மிடம் குறைவு.

கம்பெனிகளில் எது வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்தவரை: எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, பதில்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகுதான் குழு பேச வேண்டும். சும்மா உட்காரவைத்து அரட்டை அடிக்கும் நேர்காணலைவிட இது எவ்வளவோ நம்பகமானது, ஆராய்ச்சி இதில் தெளிவாக இருக்கிறது. மெஷினிலேயே இருந்துகொண்டு சம்பளமும் மரியாதையும் உயர ஒரு தனி வழி வேண்டும். பதவி கொடுப்பதற்கு முன் மூன்று மாதம் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கலாம், அதைவிட முக்கியம், அது ஒத்துவரவில்லை என்றால் அவமானம் இல்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பும் வழி இருக்க வேண்டும். நம் ஊரில் அது மிகவும் கஷ்டம், 'இறக்கிட்டாங்க' என்று சொந்தக்காரர்கள் வரை செய்தி போய்விடும், அதனால் தனக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து வருடம் அங்கேயே இருக்கிறார்.

உங்கள் டீமுக்கு வருகிறேன். அந்த மேனேஜர் தவறான ஆள்தான் என்று நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் நான் சொல்ல மாட்டேன். கிளையன்டிடம் பேசி, வேண்டாத வேலையை மறுத்து, உங்கள் டீமுக்கு ஆள் வாங்கித் தருவது அந்த வேலையின் நிஜமான பகுதி, அதற்குப் பேச்சு வேண்டும். அவர் மோசமா என்று அறிய ஒன்றைப் பாருங்கள். ஒரு கெட்ட செய்தியை ஆதாரத்தோடு, தனியாக, அவரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். கோபப்பட்டாலும் பிறகு அதை வைத்து எதையாவது மாற்றுகிறாரா, இல்லை சொன்னவரை ஓரங்கட்டுகிறாரா? இரண்டாவது என்றால், வேறு டீமுக்கு மாற வழி பார்ப்பதுதான் நல்லது. அப்புறம், வேலை முழுக்கத் தெரிந்த அந்த நண்பரிடம், அவருக்கு அந்தப் பதவி வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா? நீங்கள் கேட்டீர்களா? வேண்டும் என்று அவர் சொன்னால், அடுத்த அப்ரைசலுக்கு முன் அவர் செய்ததை எழுத்தில் கொண்டுவர உதவுங்கள். குழுவில் அவருக்காகப் பேச ஒரு ஆள் இருக்க வேண்டும், அவரே போய்ப் பேச மாட்டார்.

சங்கத்தில் உங்களால் இன்னும் அதிகம் செய்ய முடியும். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பொறுப்பில் இருக்கக்கூடாது, முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கை வைக்காதவர் போட்டியிடக்கூடாது என்று விதிமுறையில் திருத்தம் கேளுங்கள். அதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும், பதிவாளரிடமும் பதிவு செய்ய வேண்டும், ஆகவே கூட்டத்துக்கு வெகு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதோடு செயலாளர் வேலையைப் பிரியுங்கள், தண்ணீருக்கு ஒருவர், லிஃப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் ஒருவர், வசூலுக்கு ஒருவர் என்று. ஒரே ஆள் எல்லாத் திட்டையும் வாங்க வேண்டியதில்லை என்றால், இப்போது கதவைச் சாத்திக்கொள்ளும் இரண்டாவது மாடிக்காரர் ஒரு வேளை சரி என்பார்.